ஏஜென்ட்டுக்குக் கருவியை விளக்குவது: வார்த்தைகளை எங்கே வைப்பது?

"பதினஞ்சாம் தேதி பாண்டியன்ல திருச்சியிலிருந்து மதுரைக்குத் தட்கல் போடணும், எப்ப திறக்கும்?" ரயில் பயணத்துக்கு உதவும் ஏஐ ஏஜென்ட் ஒன்றிடம் இப்படி ஒரு கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாண்டியன் எக்ஸ்பிரஸ் சென்னையில் இரவு கிளம்பி, நள்ளிரவு தாண்டித்தான் திருச்சிக்கு வரும். 15ஆம் தேதி அதிகாலை திருச்சியில் ஏறுபவரின் ரயில் சென்னையை விட்டுக் கிளம்பியது 14ஆம் தேதி. தட்கல் திறக்கும் நாளை, ரயில் முதன்முதலில் புறப்படும் நிலையத்தின் தேதியை வைத்துத்தான் கணக்கிடுவார்கள்; அதற்கு முந்தைய நாள் திறக்கும். ஆக, 13ஆம் தேதி காலை 10 மணிக்கு ஏசி வகுப்புகளுக்கும் 11 மணிக்கு மற்ற வகுப்புகளுக்கும் திறந்துவிடும். "14ஆம் தேதி காலை" என்று ஏஜென்ட் சொல்லிவைத்தால், கேட்டவர் ஒரு நாள் பிந்திப் போய் உட்கார்ந்திருப்பார்.

இந்த விவரத்தை ஏஜென்ட்டின் மூளையாக இருக்கும் மொழி மாடலுக்கு எந்த இடத்தில் சொல்வது? ஏஜென்ட் கட்டுகிறவர்கள் எடுக்க வேண்டிய முடிவு இது. ஆனால் பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து எடுப்பதில்லை, கைக்கு வந்த இடத்தில் எழுதிவிட்டுப் போகிறோம்.

ரயில் தேடுவது, இருக்கை பார்ப்பது போன்ற வேலைகளை மாடல் கருவிகள் வழியாகச் செய்கிறது; கருவி என்றால் மாடல் அழைக்கக்கூடிய, நீங்கள் எழுதிக்கொடுத்த ஒரு நிரல் துண்டு. ஆனால் மாடல் அந்த நிரலைப் பார்ப்பதில்லை. 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ தன் ஏபிஐயில் (வேறு நிரல்கள் மாடலோடு பேசும் இடைமுகம்) ஃபங்ஷன் காலிங்கை, அதாவது மாடல் கருவிகளை அழைக்கும் வசதியைக் கொண்டுவந்தபோது அமைந்த முறைதான் இன்றும் அடிப்படை: கருவியின் பெயர், அது என்ன செய்யும் என்று ஒரு விளக்கம், என்னென்ன பாராமீட்டர்கள் (உள்ளீடுகள்) எந்த வடிவத்தில் வேண்டும் என்று சொல்லும் ஜேசன் ஸ்கீமா. கருவிகளை எந்த ஏஜென்ட்டோடும் இணைக்க ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி என்ற பொது நெறிமுறையிலும் இதே மூன்றுதான் முதுகெலும்பு. எந்தக் கருவியை அழைப்பது, எப்போது, என்ன மதிப்பைக் கொடுத்து என்பதையெல்லாம் இவற்றை வைத்துத்தான் மாடல் முடிவு செய்கிறது. கூடவே சிஸ்டம் ப்ராம்ப்ட், அதாவது உரையாடலுக்கு முன்பே மாடலுக்குத் தரும் பொது அறிவுறுத்தல், இருக்கிறது. கருவி திருப்பித் தரும் பிழைச் செய்தியும் இருக்கிறது; அதை இந்தக் கணக்கில் பலர் சேர்ப்பதே இல்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளக்கத்தில் "ஜாக்கிரதை" என்று எழுதக் கை போகும்போதெல்லாம், கருவியின் வடிவத்தையே மாற்றி அந்தத் தவறுக்கு இடமில்லாமல் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். அப்படிச் செய்ய முடியாததற்குத்தான் விளக்கம். சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு வரியோடு நிறுத்துவது

ஏற்கெனவே இருக்கும் ஏபிஐ ஆவணத்திலிருந்தோ, நிரலில் ஃபங்ஷனுக்கு மேலே எழுதிய குறிப்பிலிருந்தோ விளக்கத்தைத் தானாக உருவாக்கிக்கொள்வது மிகச் சுலபமான வழி. "ரயில்களைத் தேடும்." "இருக்கை நிலவரம் தரும்." "பிஎன்ஆர் நிலை சொல்லும்." எழுதும் வேலை இல்லை, டோக்கன் (மாடல் எழுத்தை உடைத்துப் படிக்கும் துண்டு) செலவும் குறைவு.

இதை முழுக்க ஒதுக்க வேண்டியதில்லை. நான்கைந்து கருவிகள்தான், ஒன்றோடு ஒன்று உரசவில்லை, பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது என்றால் ஒரு வரி தாங்கும். பிஎன்ஆர் நிலை பார்க்கும் கருவி அப்படிப்பட்டது: பத்து இலக்க எண் போகும், நிலை வரும். அதற்கு ஒரு பத்தி எழுதுவது வீண்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஏபிஐ ஆவணம் ஒரு டெவலப்பருக்காக எழுதப்பட்டது. அவர் சந்தேகம் வந்தால் பக்கத்து இருக்கையில் கேட்பார், இரண்டு முறை ஓட்டிப் பார்ப்பார், பழைய டிக்கெட்டைத் தோண்டிப் பார்ப்பார். மாடலுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு உரையாடலிலும் அது புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆள். "தேதி" என்று மட்டும் எழுதியிருந்தால் அது ஏறும் தேதியா, ரயில் கிளம்பும் தேதியா என்று ஊகிக்கும். நிலையத்துக்கு இடையிலான ரயிலைத் தேடும்போது ஏறும் நாள் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ரயில் எங்கே இருக்கிறது என்று பார்க்கும்போது அது கிளம்பிய நாள் வேண்டும். இரண்டு கருவியிலும் "தேதி" என்றே இருந்தால், பகல் ரயில்களுக்குச் சரியாகவே ஓடும். சோதனையில் வைகை எக்ஸ்பிரஸைப் போட்டுப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று வெளியிட்டும் விடுவோம். இரவு ரயிலில்தான் வழுக்கும்.

நீட்டி எழுதுவது

ஒரு கருவிக்குக் குறைந்தது மூன்று நான்கு வாக்கியமாவது எழுதுங்கள் என்பது ஆந்த்ரோபிக் தன் ஆவணத்தில் தரும் பரிந்துரை. எத்தனை வாக்கியம் என்பதைவிட அவற்றில் என்ன இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ரயில் தேடும் கருவிக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"இரண்டு நிலையங்களுக்கு இடையே குறிப்பிட்ட நாளில் ஓடும் ரயில்களையும் அவற்றின் நேரத்தையும் தரும். இருக்கை காலியா என்று சொல்லாது; அதற்கு இருக்கை நிலவரக் கருவியை அழைக்கவும். தேதி என்பது பயணி ஏறும் நிலையத்துக்கு ரயில் வரும் நாள். ரயில் முதலில் கிளம்பிய நாள் அல்ல. நிலையக் குறியீட்டை மட்டுமே ஏற்கும். குறியீடு உறுதியாகத் தெரியாவிட்டால் முதலில் நிலையம் தேடும் கருவியை அழைக்கவும். அதிகபட்சம் இருபது ரயில்கள், ஏறும் நேர வரிசையில் வரும்."

இதில் அதிகம் வேலை செய்வது இரண்டாவது வாக்கியம். ஒரு கருவி எதைச் செய்யாது, அதற்கு எங்கே போக வேண்டும் என்று சொல்லும் வாக்கியம் தானாக உருவாக்கிய விளக்கத்தில் ஒருநாளும் வராது. ஏனென்றால் அது ஒரு கருவியைப் பற்றிய செய்தி அல்ல, இரண்டு கருவிகளுக்கு நடுவே இருக்கும் எல்லையைப் பற்றியது. கடைசி வாக்கியத்தையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். இருபதோடு நறுக்கப்பட்ட பட்டியலைப் பார்த்துவிட்டு "அதற்கு மேல் ரயிலே இல்லை" என்று மாடல் அடித்துச் சொல்வதை அது தடுக்கிறது.

இதற்கு விலை உண்டு. விளக்கங்கள் எல்லாம் மாடலை அழைக்கும் ஒவ்வொரு முறையும் கூடவே போகின்றன. கருவிகளை வழங்கும் ஐந்து எம்சிபி சர்வர்களைச் சேர்த்த ஓர் அமைப்பில் மொத்தம் 58 கருவிகள், அவற்றின் வரையறைகள் மட்டுமே சுமார் 55,000 டோக்கன்களைத் தின்றன என்று 2025 நவம்பரில் ஆந்த்ரோபிக் எழுதியது. பயனர் "வணக்கம்" என்று சொல்வதற்கு முன்பே ஆகும் செலவு இது. ப்ராம்ப்ட் கேஷிங் (மாறாத பகுதியைச் சேமித்து மறுபடி பயன்படுத்துவது) இருந்தால் பணம் கொஞ்சம் மிச்சமாகும். மாடலின் கவனம் சிதறுவதற்குக் கேஷிங்கில் மருந்து இல்லை.

நீளத்தோடு வரும் இன்னொரு வியாதி, கத்துவது. ஆங்கிலத்தில் விளக்கம் எழுதுகிறவர்கள் "கட்டாயம்", "முக்கியம்", "ஒருபோதும்" என்பதையெல்லாம் பெரிய எழுத்தில் அடித்துத் தள்ளுவார்கள். பழைய மாடல்கள் சொன்னதைக் காதில் வாங்காமல் போன காலத்தில் பிடித்த பழக்கம் அது. இப்போதைய மாடல்களிடம் அப்படிக் கத்தினால் தேவையில்லாத இடத்திலும் அந்தக் கருவியை அழைக்க ஆரம்பித்துவிடுகின்றன. (தமிழில் பெரிய எழுத்து இல்லாதது இந்த ஒரு விஷயத்தில் நமக்கு லாபம்.)

சிஸ்டம் ப்ராம்ப்ட்டில் வைப்பது

கருவிகளுக்கு ஒரு வரி மட்டும் எழுதிவிட்டு, எப்படிப் பயன்படுத்துவது என்பதை மொத்தமாகச் சிஸ்டம் ப்ராம்ப்ட்டில் எழுதுகிறவர்கள் உண்டு. ஒரே இடத்தில் இருக்கும், திருத்துவது சுலபம், நிரலைத் தொடாமலே மாற்றலாம். சில விஷயங்களுக்கு அதுதான் சரியான இடமும்கூட: "பயணி வயதைச் சொல்லாமல் சலுகை பற்றிப் பேசாதே", "முதலில் ரயில், பிறகு இருக்கை, கடைசியில் கட்டணம் என்ற வரிசையில் போ" போன்றவை எந்த ஒரு கருவிக்கும் சொந்தமில்லாத வழக்கங்கள்.

ஆனால் "தேதி என்றால் ஏறும் தேதி" என்பது கருவியின் குணம். அதைச் சிஸ்டம் ப்ராம்ப்ட்டில் வைத்தால், கருவி வேறு இடத்துக்குப் போகும்போது அந்த அறிவு கூடவே போகாது. எம்சிபி வழியாக உங்கள் கருவியை வேறு யாரோ தங்கள் ஏஜென்ட்டில் இணைப்பார்கள். உங்கள் சிஸ்டம் ப்ராம்ப்ட் அவர்களிடம் இருக்காது. அதைவிட மோசமானது, இரண்டு இடத்திலும் எழுதிவிட்டு ஒன்றை மட்டும் திருத்துவது. கருவியில் ஒன்று, ப்ராம்ப்ட்டில் வேறொன்று என்றால் மாடல் எதை நம்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இதில் நான் கறாராக இருப்பேன்: கருவியைப் பற்றிய உண்மை கருவியோடு, உங்கள் கடையின் விதி சிஸ்டம் ப்ராம்ப்ட்டில்.

கருவியையே திருத்துவது

என் ஓட்டு இதற்குத்தான் என்று முன்பே சொன்னேன். காரணம் சொல்கிறேன்.

2024 டிசம்பரில் ஆந்த்ரோபிக் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு சிறு செய்தி வருகிறது. மென்பொருள் பிழைகளைத் திருத்தும் எஸ்டபிள்யூஇ-பெஞ்ச் தேர்வுக்காக அவர்கள் கட்டிய ஏஜென்ட், வேறு ஃபோல்டருக்கு நகர்ந்த பிறகு கோப்பின் சார்புப் பாதையை (இப்போது நிற்கும் ஃபோல்டரை வைத்துச் சொல்லும் முகவரி) தவறாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. வேர் ஃபோல்டரிலிருந்து தொடங்கும் முழுப் பாதையை மட்டுமே ஏற்கும்படி கருவியை மாற்றினார்கள். அதன் பிறகு மாடல் அதைப் பிழையில்லாமல் பயன்படுத்தியது. அந்த ஏஜென்ட்டுக்கு மொத்த ப்ராம்ப்ட்டைச் சீராக்கியதைவிடக் கருவிகளைச் சீராக்கவே அதிக நேரம் செலவிட்டதாகவும் சொல்கிறார்கள்.

நம் ரயிலுக்கு வருவோம். "தேதி" என்ற பாராமீட்டரின் பெயரை ஒரு கருவியில் "ஏறும் தேதி" என்றும், இன்னொன்றில் "ரயில் கிளம்பிய தேதி" என்றும் மாற்றினாலே பாதிக் குழப்பம் போய்விடும். ஒதுக்கீட்டுக்கு எதை வேண்டுமானாலும் எழுதும் பெட்டி வைக்காமல் பொது, தட்கல், பெண்கள், மூத்த குடிமக்கள் என்று அனுமதித்த மதிப்புகளை ஸ்கீமாவில் பட்டியலிட்டுவிடலாம். 2024 ஆகஸ்டில் ஓப்பன்ஏஐ கொண்டுவந்த ஸ்ட்ரிக்ட் முறையை இயக்கினால் பட்டியலுக்கு வெளியே மாடலால் போகவே முடியாது. தட்கல் திறக்கும் நேரத்தையோ மாடலைக் கணக்குப் போட வைக்கவே வேண்டாம். ரயில் எண்ணும் ஏறும் நிலையமும் ஏறும் தேதியும் வகுப்பும் கொடுத்தால் "13ஆம் தேதி காலை 11 மணி" என்று விடை சொல்லும் ஒரு கருவியை எழுதிவிடுங்கள். விளக்கத்தில் நான்கு வாக்கியம் மிச்சம்.

டிக்கெட் ரத்து இன்னும் நல்ல உதாரணம். "பயணியிடம் உறுதி கேட்காமல் இந்தக் கருவியை அழைக்காதே" என்று விளக்கத்தில் எழுதலாம். பெரும்பாலும் கேட்கும். 'பெரும்பாலும்' என்பது ரத்து செய்யும் பொத்தானுக்குப் போதாது. அதற்குப் பதில் வேலையை இரண்டாகப் பிரிக்கலாம்: முதல் கருவி, ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், எவ்வளவு திரும்ப வரும் என்று சொல்லி ஓர் உறுதி எண்ணை உருவாக்கும், அந்த எண் பயணியின் திரைக்கு நேராகப் போகும், அவர் சம்மதித்துத் தட்டினால்தான் இரண்டாவது கருவி வேலை செய்யும். எம்சிபியில் ஒரு கருவி எதையாவது அழிக்கக்கூடியதா, படிக்க மட்டும் செய்வதா என்று குறிக்கத் தனி அடையாளங்கள் உண்டு. பயனுள்ளவைதான். ஆனால் அவை வெறும் குறிப்புகள் என்று அந்த நெறிமுறையே சொல்கிறது. பூட்டு உங்கள் நிரலில்தான் இருக்க வேண்டும்.

இதற்கும் எல்லை உண்டு. ஸ்கீமா வடிவத்தைச் சரிபார்க்கும், பொருளைச் சரிபார்க்காது. சென்னை சென்ட்ரலுக்கு எம்ஏஎஸ், எழும்பூருக்கு எம்எஸ். இரண்டும் முறையான குறியீடுகள். "சென்னையிலிருந்து மதுரை" என்று கேட்டதற்கு மாடல் எம்ஏஎஸ் என்று நிரப்பினால் எந்தச் சரிபார்ப்பும் அலறாது, தென்மாவட்டத்துக்கு வழக்கமாக எழும்பூரிலிருந்து கிளம்பும் ரயில்கள் மட்டும் பட்டியலில் காணாமல் போகும். நாட்டில் 7,000க்கு மேல் நிலையங்கள். எல்லாவற்றையும் ஸ்கீமாவில் அடுக்கவும் முடியாது. அதனால்தான் மேலே எழுதிய விளக்கத்தில் நிலையம் தேடும் கருவியைத் தனியாக வைத்தேன். ஏபிஐ உங்கள் கையில் இல்லாமல் வேறு நிறுவனத்தின் சர்வரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றாலும் வடிவத்தை மாற்றும் வாய்ப்பு குறைவு. நடுவே மெல்லிய ஓர் உறை எழுதிப் பாராமீட்டர் பெயர்களையாவது மாற்றிக்கொள்ளலாம்.

பிழைச் செய்தி

தேவைப்படும் நேரத்தில் மட்டும் வரும் விளக்கம் இது. ஒழுங்காகப் போகும் அழைப்புகளில் ஒரு டோக்கன்கூடச் செலவில்லை.

முன்பதிவு எத்தனை நாளுக்கு முன் திறக்கும் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட காலம் 120 நாளாக இருந்தது, 2024 நவம்பர் 1 முதல் 60 நாள் ஆனது. மாடல் படித்த பழைய பக்கங்களில் எல்லாம் 120தான் கொட்டிக் கிடக்கும். மூன்று மாதம் தள்ளி ஒரு தேதிக்கு இருக்கை கேட்டால், "தவறான உள்ளீடு, குறியீடு 400" என்று திருப்பி அனுப்பும் கருவி மாடலைச் சுற்றலில் விடுகிறது. அது தேதியின் வடிவத்தை மாற்றி மாற்றி முயன்றுகொண்டே இருக்கும். "முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும், நீங்கள் கேட்ட தேதிக்கு இன்ன நாளில் திறக்கும், அதுவரை இந்தக் கருவியை மீண்டும் அழைக்க வேண்டாம்" என்று திருப்பி அனுப்பினால் பயணிக்கு அப்படியே சொல்லிவிடலாம். நாளை 60 மறுபடி மாறினாலும் சர்வரில் ஓர் எண்ணை மாற்றினால் போதும், பத்து ஏஜென்ட்களின் விளக்கத்தைத் தேடித் திருத்த வேண்டியதில்லை.

தவறாகப் போவது சத்தமாகத் தெரியும் இடங்களில் மட்டுமே இந்த வழி உதவும். எம்ஏஎஸ், எம்எஸ் குழப்பத்தில் பிழையே எழாது, ஆகவே செய்தியும் வராது.

கருவிகள் பெருகும்போது

ஒரே நேரத்தில் இருபதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்பது ஓப்பன்ஏஐ வழிகாட்டி தோராயமாகச் சொல்லும் அளவு. அதைத் தாண்டினால் முதலில் ஒன்று சேர்க்கப் பாருங்கள்: எப்போதும் அடுத்தடுத்து அழைக்கப்படும் இரண்டு கருவிகள் ஒரே கருவியாக இருந்திருக்க வேண்டியவை. அதற்கும் அடங்காவிட்டால், கருவிகளைத் தேடி எடுக்க ஒரு கருவி வைக்கும் முறை வந்துவிட்டது. அங்கே விளக்கத்துக்கு இன்னொரு வேலை கூடுகிறது, தேடலில் சிக்க வேண்டும். ஒரு வரி விளக்கம் அங்கே அநேகமாகத் தோற்கும்.

வெளியாரின் எம்சிபி சர்வரை இணைக்கிறவர்கள் அதன் விளக்கங்களை ஒரு முறை கண்ணால் படித்துவிட வேண்டும். விளக்கத்துக்குள்ளேயே மாடலுக்கு ரகசியக் கட்டளைகளை ஒளித்து வைக்கும் தாக்குதலை 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற ஏஐ பாதுகாப்பு நிறுவனம் செய்து காட்டியது. நீங்கள் எழுதிய விளக்கத்தை நம்பும் அதே மாடல் அதையும் நம்பும்.

தமிழிலா, ஆங்கிலத்திலா?

தமிழ் பேசும் பயனர்களுக்கான ஏஜென்ட் என்றால் இந்தக் கேள்வி வரும். கருவியின் பெயரில் தேர்வே இல்லை. ஓப்பன்ஏஐ போன்ற ஏபிஐக்களில் அது ஆங்கில எழுத்து, எண், கோடு இவற்றுக்குள் அடங்க வேண்டும். விளக்கம் எந்த மொழியிலும் இருக்கலாம். 2024 மேயில் ஜிபிடி-4ஓ மாடல் வந்தபோது ஓப்பன்ஏஐ காட்டிய மாதிரிப் பத்தி ஒன்று தமிழில் 116 டோக்கனிலிருந்து 35ஆகக் குறைந்தது. ஆங்கிலத்தில் அதே பத்தி 27இலிருந்து 24. இடைவெளி வெகுவாகச் சுருங்கியிருக்கிறது, ஆனால் மூடவில்லை. ஒவ்வொரு அழைப்பிலும் போகும் எழுத்து என்பதால் விளக்கத்தை நான் ஆங்கிலத்தில்தான் எழுதுவேன். தமிழ்ப்பற்றுக்கு இதில் இழுக்கில்லை.

ஆனால் பயனர் பேசும் சொற்கள் அதற்குள் தமிழில் இருக்க வேண்டும். நெல்லை என்றால் திருநெல்வேலி, கோவை என்றால் கோயம்புத்தூர் என்பது மாடலுக்குத் தெரிந்திருக்கும். "எக்மோர்", "எழும்பூர்", "எக்மூர்" மூன்றும் ஒன்றே என்பதையோ, "வெள்ளிக்கிழமை ராத்திரி பன்னிரண்டரை" என்று நம் ஆட்கள் சொன்னால் அது நாட்காட்டியில் சனிக்கிழமை என்பதையோ அதன் பொறுப்பில் விட நான் தயாரில்லை. முதலாவது நிலையம் தேடும் கருவியின் தரவில் சேர வேண்டும். இரண்டாவதற்கு ஏறும் தேதி என்ற பாராமீட்டரின் விளக்கத்தில் ஓர் உதாரணம் போதும்: நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட நேரமாக இருந்தால் தேதியையும் கிழமையையும் சொல்லிப் பயணியிடம் கேட்டு உறுதிசெய்யவும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் சோதித்துத்தான் பார்க்க வேண்டும். உண்மையான பயனர்கள் கேட்கும் விதத்தில் ஒரு முப்பது நாற்பது கேள்விகளை எழுதி வையுங்கள். பகல் ரயில், இரவு ரயில், சென்னை என்று மட்டும் சொல்பவர், ஊர்ப் பெயரைத் தப்பாக எழுதுபவர், எல்லாம் வரட்டும். பாதியை வைத்து விளக்கத்தைத் திருத்துங்கள், மீதியை விளக்கம் எழுதுகிறவர் கண்ணிலேயே காட்டாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றுங்கள். சரியான கருவியை அழைத்ததா என்று பார்ப்பதோடு நிற்காமல், எத்தனை முறை அழைத்தது, எந்த மதிப்பை ஊகித்து நிரப்பியது என்பதையும் பதிவில் படியுங்கள். அப்புறம், எந்தக் கருவியும் தேவைப்படாத கேள்விகள் சிலவற்றையும் நடுவே கலந்துவிடுங்கள்: "ஆர்ஏசி என்றால் என்ன?", "பத்து மணி நேரப் பயணத்துக்கு ஸ்லீப்பர் போதுமா?" இவை இல்லாத சோதனையில், எதற்கெடுத்தாலும் கருவியை அழைக்கத் தூண்டும் விளக்கம்தான் முதலிடத்தில் வந்து நிற்கும்.